பொதுவில் வைத்த நிரல் – 7: கேப் டவுன் முதல் கொழும்பு வரை

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுரா மாநிலம் 2002-இல் வெளியிட்ட லினெக்ஸ் என்ற லினக்ஸ் வடிவத்தை அண்டை மாநிலமான அந்தலூசியா எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டதையும், மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸின் பக்கம் திரும்பியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். இரண்டும் வசதியுள்ள நாடுகளில் நடந்தவை. அரசுகள் தங்களுக்குள் மென்பொருளைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றில் மிக நீண்ட தூரம் போன ஒன்று, நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கேப் டவுன் புறநகர்ச் செவிலியர்கள் நிரப்பிய படிவங்களிலிருந்து கிளம்பி, ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பத்தையும் கேரளத்தையும் கென்யாவையும் கொழும்பையும் தொட்டு, நார்வே நாட்டு உள்ளாட்சி அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மென்பொருளுக்கு டி.எச்.ஐ.எஸ். என்று பெயர். மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் என்று விரித்துச் சொல்லலாம். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதாரத் துறைகள் இன்று அதன் இரண்டாம் தலைமுறையைப் பயன்படுத்துகின்றன. பிரசவம், தடுப்பூசி, காசநோய், மலேரியா என்று கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பதிவாகும் எண்கள், மாவட்டம் வழியாகத் தலைநகருக்குப் போகும் பாதை அது. எந்த நாடும் அதற்கு உரிமக் கட்டணம் தருவதில்லை. ஆனால் விலையில்லை என்பதற்காக மட்டும் அது இத்தனை நாடுகளுக்குப் போகவில்லை என்பதுதான் இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. மண்டேலாவின் அரசு பொறுப்பேற்றபோது அதன் கைக்கு வந்த சுகாதாரத் துறைகள் மொத்தம் பதினான்கு. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று, கறுப்பர்களை ஒதுக்கி வைத்த பத்து ‘தாயகங்களுக்கு’த் தலா ஒன்று, இவற்றோடு தேசியத் துறை ஒன்று. படிவங்கள் வேறு, வரையறைகள் வேறு, கணக்கு போகும் இடமும் வேறு. ட்ரான்ஸ்கை உள்ளிட்ட நான்கு தாயகங்கள் ‘சுதந்திர நாடுகள்’ என்ற பெயரில் நாட்டின் புள்ளிவிவரங்களிலிருந்தே விலக்கப்பட்டிருந்தன. அங்கே இறந்துபோன குழந்தை பிரிட்டோரியாவின் கணக்கில் வரவே வராது. யாரை எண்ணாமல் விடுகிறார்களோ அவர்களுக்கு மருந்தும் ஒதுக்கமாட்டார்கள். அந்த நாட்டில் எண்ணப்படுவது வாக்குரிமைக்கு அடுத்தபடியான உரிமை என்றே நான் கருதுகிறேன்.

கலப்பினத்தவருக்கென நிறவெறி அரசு தொடங்கி, பிறகு அந்த அரசையே எதிர்க்கும் கோட்டையாக மாறிய இடம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம். ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே வந்தவர் யோர்ன் ப்ரா. காலே ஹெட்பெர்க் உட்பட வேறு சிலரும் சேர்ந்தார்கள். ‘ஹிஸ்ப்’ என்ற பெயரில் சுகாதாரத் தகவல் அமைப்புத் திட்டம் உருவானது. மிட்சல்ஸ் பிளெய்ன், அட்லாண்டிஸ், மாம்ஸ்பரி ஆகிய மூன்று இடங்களில் முதல் வேலை நடந்தது.

நார்வேக்காரர்களின் வேலைமுறைக்குப் பின்னால் ஒரு மரபு இருந்தது. 1960-களில் சிமுலா என்ற கணினி மொழியை ஓலே-யோஹன் தாலுடன் சேர்ந்து உருவாக்கியவர் கிறிஸ்டன் நிகார்ட். இன்றைய ஜாவா முதலான மொழிகளுக்கெல்லாம் மூத்த மொழி சிமுலா. அதே நிகார்ட் 1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். ஆலைக்குள் கணினி வரும்போது அதை எப்படி அமைப்பது என்பதில் தொழிலாளிக்கும் பேச்சு இருக்கவேண்டும், அதற்கான அறிவைச் சங்கம் பெறவேண்டும் என்பது அவர் நிலை. ஆலையில் பிறந்த அந்த எண்ணத்தைத்தான் ப்ராவும் மற்றவர்களும் கேப் டவுன் மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே கணினியிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. செவிலியர்களையும் மாவட்ட அலுவலர்களையும் உட்காரவைத்து, இத்தனை எண்களை மாதாமாதம் எழுதுகிறீர்களே, இவற்றில் நீங்களே பயன்படுத்துபவை எவை என்று கேட்டார்கள். மேலே போய் யாரும் திரும்பிப் பார்க்காத எண்கள் கழிக்கப்பட்டன. மிஞ்சியதை ‘அவசியத் தரவுத் தொகுப்பு’ என்றார்கள். அதற்குள் ஓர் எளிய விதி இருந்தது. தேசிய அரசுக்குச் சில எண்கள் போதும். மாகாணம் அவற்றோடு தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம், மாவட்டம் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம், கீழே இருக்கும் நிலையம் தன் ஊருக்குத் தேவையானதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம். மேலே அனுப்பவேண்டியதை அனுப்பிவிட்டால், கீழே கூட்டிக்கொள்வதை எவரும் தடுக்கமாட்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரு பொதுக் கணக்கும் வேண்டும், ஊர்களின் சுயாட்சியும் கெடக்கூடாது என்ற சிக்கலை இந்த ஒரு விதி அவிழ்த்தது. பின்னால் வந்த நிரலைவிட இந்த விதியைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன்.

விதிக்கு ஏற்ற மென்பொருள் 1997, 98 வாக்கில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதப்பட்டது. எந்த எண்ணைச் சேகரிப்பது, எந்த நிலையம் எந்த மாவட்டத்துக்குள் வரும் என்பதையெல்லாம் நிரலுக்குள் இறுக்கி வைக்காமல், பயன்படுத்துபவரே திரையில் மாற்றிக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். படிவம் மாறினால் நிரலரைத் தேடி ஓடவேண்டாம். 2001 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களும் அதற்கு வந்துவிட்டன. மென்பொருள் இலவசம், மூல நிரலும் திறந்தே இருந்தது. ஆனால் அதை ஓட்ட மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் வேண்டும். இந்த முரண் பின்னால் உறுத்தியது.

தென்னாப்பிரிக்காவில் வேரூன்றியதும் மொசாம்பிக், மலாவி, எத்தியோப்பியா, கியூபா, இந்தியா என்று பல திசைகளில் முயன்றார்கள். எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. கியூபாவில் நிலைக்கவில்லை. எத்தியோப்பியாவில் முதல் முயற்சி தேங்கி, நாடு தழுவிய அளவில் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. வளரும் நாடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த நோய். ஒரு மாவட்டத்தில் சோதனை முயற்சி நடக்கும், நன்றாக ஓடும், நிதி தந்தவர் போனதும் நின்றுவிடும். ப்ரா, எரிக் மொன்டெய்ரோ, சந்தீப் சஹாய் மூவரும் 2004-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார்கள். தனித்து நிற்கும் சோதனை முயற்சி நிலைக்காது. பல இடங்களில் நடப்பவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஓரிடத்தில் கற்றதும் எழுதியதும் இன்னோரிடத்துக்குப் போய்வரச் செய்தால்தான் நிலைக்கும் என்பது அவர்கள் வாதம். மென்பொருளைப் பகிர்வது தர்மம் செய்வதாகப் பேசப்பட்ட காலம் அது. கொடுப்பவரின் பிழைப்புக்கே பகிர்வு அவசியம் என்று இவர்கள் எழுதியது முக்கியமான திருப்பம்.

இந்தியாவில் ஹிஸ்ப் கால்வைத்த இடம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர், அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி. 2000-இன் இறுதியில் அங்கே வேலை தொடங்கியது. துணை சுகாதார நிலையத்து ஏ.என்.எம். செவிலியரின் பையில் எத்தனை பதிவேடுகள் இருக்கும் என்பது நம் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, குடும்ப நலத்துக்கு ஒன்று. ஒரே பெண்ணின் பெயரை நான்கைந்து இடத்தில் எழுதவேண்டும். கேப் டவுனில் கேட்ட அதே கேள்வி இங்கேயும் பொருந்தியது.

இன்னும் பெரிய திருப்பம் கேரளத்தில் நேர்ந்தது. 2001-இல் திருவனந்தபுரத்தில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிகளுக்கு லினக்ஸ் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மாநிலத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் மேல் ஏறி நிற்கும் மென்பொருளைக் கொண்டுபோவது எடுபடாது. அதோடு பழைய வடிவத்தின் குறைகளும் தெரிந்துவிட்டன. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக நிறுவவேண்டும், தரவைக் கோப்பாகச் சுமந்துபோய்ச் சேர்க்கவேண்டும், நிரலை மாற்ற ஒரு சிலரால்தான் முடியும். ஓஸ்லோவில் ஜாவாவில் அடியிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார்கள். மைக்ரோசாஃப்டின் எந்தப் பொருளும் இல்லாமல் ஓடும், உலாவியில் திறக்கும் டி.எச்.ஐ.எஸ்.2 அப்படிப் பிறந்தது. 2006-இல் அது முதன்முதலில் பணிக்கு வந்தது கேரளத்தில்தான். இணைய வேகம் போதாததால், இணையத்துக்கென்று எழுதப்பட்ட அந்த மென்பொருளை நிலையத்துக்கு நிலையம் தனிக் கணினியில் நிறுவவேண்டியிருந்தது.

எழுதிய விதமும் மாறியது. ஓஸ்லோ மாணவர்கள், இந்தியாவிலும் வியட்நாமிலும் இருந்த நிரலர்கள் எல்லோரும் இணையத்தில் வைத்த ஒரே மூல நிரலில் கைவைத்தார்கள். மின்னஞ்சல் குழுவில் வழுக்களும் கோரிக்கைகளும் குவிந்தன. சொல்லும்போது அழகாக இருக்கிறது, நடைமுறையில் கடினம். கேரளத்துக்கு நாளைக்கே ஓர் அறிக்கை வேண்டும்; ஓஸ்லோவுக்கோ அந்த மாற்றம் எல்லா நாட்டுக்கும் பொருந்தவேண்டும். கேட்பவர் தெற்கிலும் முடிவெடுப்பவர் வடக்கிலும் இருக்கும் பிளவு முழுக்க நீங்கவில்லை, இன்றும் மைய நிரலின் பொறுப்பு ஓஸ்லோவிடம்தான். ஆனாலும் உரிமம் தளர்வான பி.எஸ்.டி. வகையைச் சேர்ந்தது. எந்த அரசும் நிரலை எடுத்துக்கொண்டு தன் வழியே போகலாம், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் ஓஸ்லோவும் மற்றவர்களின் பேச்சைக் கேட்கவேண்டியிருக்கிறது.

பிறகு சியரா லியோன். உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்த நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கிய ஒரு கூட்டமைப்பின் துணையோடு 2008 வாக்கில் இது வந்தது. அதன் பின் கென்யா.

கென்யாவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அதுவரை மாவட்டங்களிலிருந்து எக்செல் கோப்புகள் நைரோபிக்குப் போய்க்கொண்டிருந்தன. புதிய மென்பொருளை மாவட்டத்துக்கு மாவட்டம் கணினியில் நிறுவுவதுதான் முதலில் வைத்த திட்டம். கடலோர மாகாணத்தில் சோதித்துப் பார்த்தபோது செல்பேசி நிறுவனங்கள் விற்ற சின்ன மோடமே மருத்துவமனையிலிருந்து இணையத்தில் நுழையப் போதுமானதாக இருந்தது. அப்படியானால் நாடு முழுவதற்கும் ஒரே சர்வர் போதுமே! அமைச்சகத்தின் சர்வர் அறை அதற்குத் தயாராக இல்லாததால் வெளியே வாடகைக்குச் சர்வர் எடுத்தார்கள். படிவம் நிரப்பும்போது இணைப்பு அறுந்தால், நிரப்பியது உலாவியிலேயே தங்கியிருந்து, இணைப்பு வந்ததும் போய்ச் சேரும்படி நிரலை மாற்றினார்கள். 2011-க்குள் கென்யா முழுவதும் அதற்கு மாறிவிட்டது. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் சுகாதாரக் கணக்கு முழுவதும் ஒரே இணையச் சர்வரில் ஏறியதற்கு இதுவே முன்னோடி. அந்த உலாவி ஏற்பாடு கென்யாவோடு நிற்கவில்லை, மைய நிரலில் சேர்ந்தது. அடுத்து வந்த கானா, உகாண்டா, ரவாண்டா, வங்கதேசம் எல்லாவற்றுக்கும் அது கேட்காமலே கிடைத்தது. அறுந்து அறுந்து வரும் இணையத்தோடு மல்லுக்கட்டிய கென்ய மாவட்டப் பதிவாளர்களின் அனுபவம் மற்ற நாடுகளின் சொத்தானது இப்படித்தான்.

இனி இலங்கை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில், ஓஸ்லோவின் ஒத்துழைப்போடு, மருத்துவர்களுக்கே தகவலியலில் முதுநிலைப் படிப்பு ஒன்று கொரோனா தொற்றுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. படித்தவர்கள் சுகாதார அமைச்சகத்திலேயே பணியில் இருந்தார்கள். நோயும் தெரியும், நிரலும் தெரியும், அரசுக் கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்பதும் தெரியும். அவர்களைச் சுற்றி ‘ஹிஸ்ப் ஸ்ரீலங்கா’ என்ற குழுவும் வளர்ந்திருந்தது.

2020 ஜனவரி 27 அன்று இலங்கையில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. விமான நிலையத்தில் இறங்குபவர்களைப் பதிவுசெய்து, அவர்கள் தங்கும் பகுதியின் சுகாதார அலுவலகத்துக்கு உடனே தகவல் போகவேண்டும். டெண்டர் விட்டு, நிறுவனத்தைத் தேர்ந்து, எழுதி வாங்குவதற்கு நேரமில்லை. கையில் இருந்த டி.எச்.ஐ.எஸ்.2-இல் பயணிகளுக்கான பதிவுப் படிவத்தைச் சில நாட்களுக்குள் அமைத்துவிட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிவது, தனிமைப்படுத்தலைக் கண்காணிப்பது என்று அடுத்தடுத்துச் சேர்த்தார்கள். அரசின் தகவல் தொழில்நுட்ப முகமையின் ஏற்பாட்டில் தன்னார்வ நிரலர்களும் கைகொடுத்தார்கள்.

அந்தத் தீவுக்கு இது முதல் முறையுமல்ல. 2004 டிசம்பர் சுனாமி முடிந்த சில நாட்களில், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கில் வைக்க இலங்கை நிரலர்கள் தன்னார்வமாக எழுதிய ‘சஹானா’, 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் போயிருக்கிறது. 2006-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது அதற்குக் கிடைத்தது. பேரிடர் வந்தால் எழுதுவது, எழுதியதைப் பொதுவில் வைப்பது என்ற பழக்கம் கொழும்பில் ஏற்கெனவே இருந்தது.

கொழும்பின் அமைப்பை ஓஸ்லோ எடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு ஒத்துப்பார்த்து, எந்த நாடும் இறக்கிக்கொள்ளும் தொகுப்பாக வெளியிட்டது. இங்கே தொழில்நுட்பச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். டி.எச்.ஐ.எஸ்.2-இல் படிவம், கேள்விகள், கணக்கிடும் விதிகள், அறிக்கைகள் எல்லாமே நிரலுக்கு வெளியே வரையறைகளாக இருக்கின்றன. சமையல் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதுபோல, நோயாளிகளின் தரவு ஒரு துளியும் இல்லாமல் வரையறைகளை மட்டும் ஒரு கோப்பாக எடுத்து இன்னொரு நாட்டின் சர்வரில் ஏற்றிவிடலாம். கேப் டவுனில் செவிலியர்களுக்காகச் செய்த அந்தப் பழைய ஏற்பாடுதான் இத்தனை ஆண்டுகள் கழித்து இப்படிக் கைகொடுத்தது. உகாண்டா, ரவாண்டா, லாவோஸ், மொசாம்பிக் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தொற்றுக் கண்காணிப்புக்கு இதைப் பயன்படுத்தின. எல்லையில் சரக்கு லாரி ஓட்டுநர்களைக் கண்காணிக்கும் பகுதியை உகாண்டா தானே சேர்த்தது.

நார்வேக்கும் அதே வைரஸ் வந்தது. அங்கே தொற்றாளரோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது உள்ளாட்சிகளின் சட்டப்படியான கடமை. 2020-இல் அப்படி 356 உள்ளாட்சிகள் இருந்தன. செல்பேசிச் செயலி ஒன்றை அரசு ஏப்ரலில் வெளியிட்டது. தனியுரிமைப் புகார்களால் ஜூனில் அது நிறுத்தப்பட்டது. உள்ளாட்சி மருத்துவர்கள் எக்செல் தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். உள்ளாட்சிகளின் கூட்டமைப்பான கே.எஸ்., ஓஸ்லோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, டி.எச்.ஐ.எஸ்.2-ஐ அடிப்படையாக வைத்துத் தொற்றுத் தொடர்பைத் தேடும் சேவையை அமைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நார்வே தன் வளர்ச்சி உதவி முகமையின் வழியே நிதி கொடுத்து வளர்த்த மென்பொருள் அது. இலங்கை காட்டிய வழியில் இப்போது நார்வேயின் வீட்டுக்கே வந்தது. ஏழை நாடுகளுக்கு உதவி என்று நிதிநிலை அறிக்கையில் எழுதப்பட்ட தொகை, பணக்கார நாட்டின் மருத்துவர்களுக்கு ஓர் இக்கட்டில் உதவியது. இதை வாசித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பகிர்வு அதோடும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தடுப்பூசிச் சான்றிதழ் தர வேண்டி வந்தபோது, இலங்கை இந்தியாவில் எழுதப்பட்ட திறமூல மென்பொருளான டிவாக்கை எடுத்துத் தன் டி.எச்.ஐ.எஸ்.2-உடன் இணைத்துக்கொண்டது.

இந்த மகிழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. மென்பொருள் இலவசம், சர்வர் இலவசமில்லை. அதைப் பராமரிப்பவருக்கும் மாதச் சம்பளம் வேண்டும். பல நாடுகளில் அந்தச் சம்பளம் வெளிநாட்டு நிதியிலிருந்தே வந்தது. எச்.ஐ.வி.க்கான அமெரிக்க அரசின் பெப்ஃபார் திட்டமும் தன் கணக்குகளுக்கு டி.எச்.ஐ.எஸ்.2-இன் மேல்தான் ஓர் அமைப்பைக் கட்டியிருந்தது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை வாஷிங்டன் நிறுத்திவைத்தபோது பெப்ஃபாரின் தரவு அமைப்புகளும் முடக்கப்பட்டன. அடியில் இருந்த நிரல் திறமூல நிரல்தான். ஆனால் சர்வரின் சாவி வேறொருவர் கையில் இருந்தது. தங்கள் அமைச்சகத்தின் பொறுப்பில், தங்கள் ஆட்களைக் கொண்டு தேசியச் சர்வரை நடத்திய நாடுகளின் நிலை வேறு. நிரலைப் பொதுவில் வைக்க ஓர் உரிமத் தாள் போதும். அதைக் கையில் வைத்து நடத்த, கொழும்பைப் போலப் பத்தாண்டுக்கு முன்பே ஆட்களைப் படிக்கவைத்திருக்கவேண்டும்.

மைய நிரலை யார் காப்பது, செலவை யார் ஏற்பது, எந்த மாற்றம் முதலில் என்று யார் முடிவெடுப்பது? ஹிஸ்ப்பில் இதற்கெல்லாம் ஒரு பல்கலைக்கழகம் நடுவில் நின்றது. நடுவில் யாரும் இல்லாமல் இரண்டு அரசுகளே நேராக ஒப்பந்தம் போட்டு, நிரலைக் கூட்டுச் சொத்தாக்கி, அதற்கென ஒரு பொது நிறுவனத்தையும் 2017-இல் தொடங்கின. எஸ்தோனியாவும் பின்லாந்தும். எக்ஸ்-ரோடு என்ற அந்தத் தரவுப் பாதையை எஸ்தோனியா 2001-இல் ஏன் கட்டியது, பின்லாந்து அதை ஏன் கேட்டு வாங்கியது என்பது அடுத்த பகுதியில்.